பதினாறு முடியட்டும்

ஜூன் 8, திங்கள்

காலையிலேயே ஒருவனுக்கு நல்ல பூசை கொடுத்தேன். "மேடம், பேங்க்ல இருந்து பேசுறோம், உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிருச்சு" என்றான். எந்தக் கிளை, மேனேஜர் பேர் என்ன, உன் அப்பன் பேர் என்ன என்று வரிசையாகக் கேட்டேன். மூன்றாவது கேள்விக்கே வைத்துவிட்டான். சிவகாசியில் பதினெட்டு வருடமாகக் காலண்டர் பிரஸ் நடத்துகிறவளிடமா வாலாட்டுகிறான்? செண்பகவல்லியை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வர வேண்டும். வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எதையும் லேசில் பாராட்டிவிட மாட்டார். "நல்லது" என்று சொல்லிவிட்டு நாளிதழை விரித்துக்கொண்டார்.

இருதயராஜ் இன்று லீவு. மகளைப் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்க்கப் போயிருக்கிறார். அப்பா என்னிடம் பிரஸ்ஸைக் கொடுத்த மறுவருடம் வேலைக்குச் சேர்ந்தவர். கணக்கு, கம்ப்யூட்டர், ஜிஎஸ்டி எல்லாம் அவர்தான். அதனால் ஆபீஸ் அறையில் நானே உட்கார்ந்து மெயில்களைப் பார்த்தேன். பெட்டி நிரம்பிவிட்டது, இருபத்து நான்கு மணி நேரத்தில் மெயில் நின்றுவிடும், சரிசெய்ய இங்கே அழுத்தவும் என்று சிவப்பு எழுத்தில் ஒன்று வந்திருந்தது. சீசன் தொடங்கும் நேரத்தில் மெயில் நின்றால் ஆர்டர் எப்படி வரும்? அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது, போட்டேன். தப்பு என்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி போட்டேன், சரியாகிவிட்டது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இருதயராஜிடம் சொன்னால் "நீங்க ஏன்க்கா தொட்டீங்க" என்று பாடம் எடுப்பார். சொல்லப்போவதில்லை.

மயில் பச்சை இன்னும் சரியாக வரவில்லை. முருகன் படத்தில் மயில் வாழையிலை மாதிரி இருக்கிறது. பிளேட் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 19, வெள்ளி

ஆர்ட் பேப்பர் பன்னிரண்டு டன்னுக்கு மதுரை தவமணி அண்ணாச்சி கடையில் ஆர்டர் போட்டாயிற்று. ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். இந்த வருடம் மில்லில் கடன் இல்லையாம், பணம் வந்தால்தான் லோடு. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் வெளியாக வேண்டும். அன்றைக்குப் பூசை போட்டு ஆல்பத்தை விரித்தால்தான் ஏஜெண்டுகள் வருவார்கள், அதை விட்டால் அடுத்த பிரஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். என் வளையல் எட்டையும் வங்கியில் வைத்தேன். கை காற்று போல் லேசாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

இருதயராஜ் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார், மகளுக்காம். மிட்டாய் கொடுத்தார்.

ஜூன் 27, சனி

தவமணி அண்ணாச்சியின் அம்மா காலமாகிவிட்டார். எண்பத்தாறு வயது. கேள்விப்பட்டதும் மதுரைக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். அண்ணாச்சி சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அந்தக் கடை அம்மாவின் நகையில் தொடங்கியது, அம்மாவும் அதில் ஒரு பங்குதாரர். "கடைசி வரைக்கும் செக்ல அவங்கதான் கையெழுத்து போடுவாங்க தங்கச்சி" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

திரும்பி வந்ததும் அவர்கள் ஆபீசுக்கு முறையாக ஒரு இரங்கல் மெயில் அனுப்பச் சொன்னேன். பங்குதாரராக இருந்து கடையை வளர்த்த அம்மாவின் பெருமையையும், நேரில் வந்து துக்கம் விசாரித்ததையும், பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வருவேன் என்பதையும் இருதயராஜ் அழகாக எழுதினார்.

ஜூன் 30, செவ்வாய்

அண்ணாச்சி ஆபீசிலிருந்து பதில் வந்திருக்கிறது. நேரில் வந்ததற்கு நன்றி. பங்குதாரர் இறந்ததால் வங்கி பழைய கணக்கை முடக்கி வைத்திருக்கிறது, பன்னிரண்டு டன்னுக்கான பணத்தைக் கீழ்க்கண்ட புதுக் கணக்கில் போடவும், வெள்ளிக்குள் போட்டால் பழைய விலை. முதலாளி துக்கத்தில் இருக்கிறார், போனில் அழைக்க வேண்டாம். பாவம், அம்மா போன சோகம் ஒரு பக்கம், வங்கிக்காரர்கள் தொல்லை ஒரு பக்கம்.

இருதயராஜ் அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, கிளை ஏதோ வடநாட்டுப் பேரா இருக்கு."

"அண்ணாச்சி மருமகன் அந்தப் பக்கம்தான வேல பாக்காரு. அவர் பேர்ல தொடங்கிருப்பாங்க."

"எதுக்கும் போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவமா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "தாயைப் பறிகொடுத்து மூணு நாள் ஆகல. பாலு ஊத்துன ஈரம் காயல. அந்த வீட்டுக்குப் போன் போட்டு பணம் எங்க போடணும்னு கேக்கச் சொல்றீங்களா? பதினாறு முடியற வரைக்கும் அந்த வீட்டுல பணப்பேச்சே எடுக்கக் கூடாது. உங்க ஊருல எப்படியோ, எங்களுக்கு அது வழக்கமில்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 31

இப்படி ஒரு பக்கம் இந்த டைரியில் இருக்கிறது. போன கார்த்திகையில் நாங்களே அச்சடித்த டைரிதான். ஜூனுக்கு முப்பத்தோரு நாள் போட்டு இரண்டாயிரம் பிரதியும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எல்லாக் கிழமையும் ஒருநாள் பிசகு, நானே அடித்துத் திருத்தி எழுதுகிறேன். புரூஃப் பார்த்தது நான்தான். வாடிக்கையாளர் கத்தியபோது இருதயராஜ் "என் கவனக்குறைவுதான் சார்" என்று சொல்லிவிட்டார். நானும் பேசாமல் நின்றேன். சரி, இது பழைய கதை. பக்கம் காலியாகவே கிடக்கட்டும்.

ஜூலை 1, புதன்

பணம் அனுப்பியாயிற்று. இருதயராஜ் டைப் அடித்தார், எனக்கு வந்த ஓடிபியை நான் சொன்னேன். பழைய விலையில் கிடைத்ததே பெரிய விஷயம்.

மயில் பச்சை சரியாகிவிட்டது.

ஜூலை 6, திங்கள்

லோடு வரவில்லை. துக்க வீடு, ஆள் இல்லாமல் தாமதமாகும்.

ஜூலை 8, புதன்

மெஷின்காரர் வந்து, பேப்பர் எப்போ முதலாளியம்மா என்று கேட்டார். பதினாறு முடியட்டும் என்றேன். ஏஜெண்டுகள் மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். இருந்தாலும் போன் செய்யக் கை வரவில்லை. மனிதர்களுக்கு மரியாதை முக்கியம். பேப்பர் நான்கு நாள் தள்ளி வந்தால் குடி முழுகிப்போய்விடாது.

ஜூலை 12, ஞாயிறு

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மதுரையில் மண்டபத்தில் விசேஷம். வேட்டி சேலை வைத்துக் கொடுத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். வடையும் பாயசமும் விழுந்தாயிற்று. அண்ணாச்சி மொட்டைத் தலையோடு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் இலைக்கு எதிரே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "தங்கச்சி, ஒண்ணும் சங்கடப்படாதீங்க. பணம் முடியறப்ப அனுப்புங்க. உங்க லோட நான் யாருக்கும் குடுக்கல, குடோன்லதான் நிக்கிது" என்றார்.

எனக்குப் புரியவே இல்லை. "எந்தப் பணம் அண்ணாச்சி?"

"பேப்பருக்குத்தான். ஆபீஸ் பையங்க ரெண்டு மெயில் போட்டாங்களாம், பதிலே இல்லன்னாங்க. தங்கச்சிக்கு ஏதோ முடை போலருக்கு, பதினாறு முடியட்டும், நேர்ல பேசிக்கிடலாம்னு நாந்தான் அவங்கள அடக்கி வச்சேன்."

"நான் ஒண்ணாந்தேதியே அனுப்பிட்டேனே. புது அக்கவுண்ட்ல."

"எந்தப் புது அக்கவுண்ட்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்து இலையில் ஒரு அம்மா ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான்தானா என்று சந்தேகமாக இருந்தது. மெயிலில் பங்குதாரர், முடக்கம், நன்றி எல்லாம் இருந்ததே என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். அண்ணாச்சி என்னைக் கைத்தாங்கலாக எழுப்பி அறைக்குள் கூட்டிப்போனார். அவருடைய கணக்கு ஒருநாள்கூட முடங்கவில்லை. அவருடைய மருமகன் இருப்பது கோயம்புத்தூரில்.

யாரோ சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன். எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒன்றாம் தேதி என்றேன். "இன்னைக்குப் பன்னெண்டுங்களேம்மா" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

புறப்படும்போது அண்ணாச்சி சொன்னார். "எங்கம்மா போனதுக்கு எரநூறு பேரு போன் பண்ணாங்க தங்கச்சி. எரநூத்தி ஒண்ணாவதா நீங்க பண்ணிருந்தா நான் கோவிச்சிருக்கவா போறேன்?" பன்னிரண்டு நாள், அவரும் மரியாதைக்குக் கேட்கவில்லை, நானும் மரியாதைக்குக் கேட்கவில்லை. நடுவில் எவனோ ஒருவன் எங்கள் வழக்கத்தையும் படித்து வைத்திருந்திருக்கிறான்.

ஜூலை 13, திங்கள்

வங்கி. பிறகு புகார் மனு. பணம் போய்ச் சேர்ந்த அன்றே பதினான்கு கணக்குகளுக்குப் பிரிந்து போய்விட்டதாம். ஒன்றில் மட்டும் எழுபத்தோராயிரம் சிக்கி நிற்கிறது. அதற்கும் கோர்ட் உத்தரவு வேண்டும்.

மேனேஜர் சொன்னார்: "ஆர்டர், எடை, துக்கம், நீங்க நேர்ல போனது வரைக்கும் தெரிஞ்சிருக்குன்னா உள்ள இருந்து யாரோ தகவல் குடுத்திருக்கணும்மா."

உள்ளே இருந்து. மெயில் பார்க்கிறவர் ஒருவர்தான். இரங்கல் கடிதம் எழுதியது யார்? பணம் அனுப்ப டைப் அடித்தது யார்? ஸ்கூட்டர் வாங்கியது யார்? வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பதினேழு வருடம்! இந்தத் துரோகத்தை நினைத்தால் பணம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

கேட்டுவிட்டேன். பைண்டிங் மேசைக்கு முன்னால், எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன். ஒளித்து மறைத்துப் பேசுவது என் சுபாவம் இல்லை.

"ஸ்கூட்டருக்குப் பணம் எங்கருந்து வந்துச்சுன்னு இவங்களுக்கும் சொல்லுங்க இருதயராஜ். எவன்ட்ட எம்புட்டு வாங்குனீங்க?"

மெஷினை யாரோ நிறுத்தினார்கள். பதினோரு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னை ஏதோ முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பீரோ சாவி, ஆபீஸ் சாவி, கைப்பையிலிருந்த பிரஸ்ஸின் ரப்பர் ஸ்டாம்பு மூன்றையும் மேசைமேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து எனக்கு எப்போதும் வாங்கி வரும் சுகர் மாத்திரையையும் எடுத்து வைத்தார். "வர்றேன்க்கா" என்றார். போய்விட்டார்.

குற்றம் இல்லாதவர் என்றால் எதிர்த்துப் பேச வேண்டாமா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவர்ட்ட என்ன கேட்ட?" என்றார். சொன்னேன். "அது கேள்வி இல்லையே. தீர்ப்புல்ல?" என்றார். வாத்தியார் புத்தி. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 16, வியாழன்

ஜிஎஸ்டி போர்ட்டலுக்குள் போக முடியவில்லை. பாஸ்வேர்டு தெரியவில்லை. யாரிடம் கேட்பது?

ஜூலை 18, சனி

அண்ணாச்சி போன் செய்தார். பாதி லோடு கடனாக அனுப்புகிறாராம், தீபாவளிக்குக் கொடுத்தால் போதுமாம். போனை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆடிப் பதினெட்டு தப்பித்தது.

சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நானே போய் வாங்கினேன். கடைக்காரர், "இருதயராஜ் சார் வரலியா?" என்று கேட்டார்.

ஜூலை 22, புதன்

விருதுநகர் சைபர் கிரைமில் வரச் சொல்லியிருந்தார்கள். எஸ்ஐ ஒரு பெண், பேச்சியம்மாள் என்று பெயர். வயது முப்பதுகூட இருக்காது. என்னை உட்காரவைத்து, என் மெயிலைத் திறக்கச் சொல்லி, எங்கெங்கோ அழுத்தினாள்.

முதலில் அந்த மெயிலை எடுத்தாள். மேலே தவமணி பேப்பர் ஸ்டோர் என்றுதான் இருந்தது. அந்தப் பெயர்மேல் அழுத்தியதும் உள்ளே வேறு ஏதோ விலாசம் வந்தது, எண்ணும் எழுத்துமாக. "பேரை யாரு வேணாலும் போட்டுக்கிடலாம்மா. உள்ள பாக்கணும்" என்றாள்.

அடுத்து அமைப்புகள் என்று எதையோ திறந்தாள். பேப்பர், பணம், வங்கி என்று எந்த மெயில் வந்தாலும் அதன் நகல் வேறொருவனுக்குத் தானாகப் போகும்படி ஒரு கட்டளை. அண்ணாச்சி கடையிலிருந்து வருவதையெல்லாம் என் கண்ணில் படாமல் ஒரு மூலையில் தள்ளும்படி இன்னொரு கட்டளை. அந்த மூலையைத் திறந்தாள். அண்ணாச்சி ஆபீஸ் பையன்கள் அனுப்பிய இரண்டு மெயில்களும் அங்கே படிக்கப்படாமல் கிடந்தன. என் வீட்டுக்குள்ளேயே எனக்குத் தெரியாமல் ஒருவன் குடியிருந்து, என் கடிதங்களைப் பிரித்துப் படித்து, வேண்டியதை மட்டும் என்னிடம் கொடுத்திருக்கிறான். தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

"உங்ககிட்ட யாரும் தகவல் விக்கலம்மா. பாஸ்வேர்ட வாங்கிருக்கான். பெட்டி நெறஞ்சுருச்சு, பார்சல் வந்துருக்கு, ரீஃபண்ட் வருதுன்னு ஏதாவது ஒரு மெயில் வந்துருக்கும். யாரோ போட்டுக் குடுத்துருக்காங்க. நகல் அனுப்புற அந்த மொதக் கட்டளை பதிஞ்சது ஜூன் எட்டு, காலைல பதினொண்ணு அம்பத்திரண்டு. அன்னைக்குக் கம்ப்யூட்டர்ல இருந்தது யாரு?"

"இருதயராஜ்தான். எங்க கணக்கர்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

கடைசியாக, "இனிமே அக்கவுண்ட் மாறிட்டுன்னு யாரு மெயில் போட்டாலும், எந்த வீட்டுல எழவா இருந்தாலும், போன் போட்டுக் கேளுங்க. அந்த மெயில்ல இருக்க நம்பருக்கு இல்ல, உங்ககிட்ட பழசா இருக்க நம்பருக்கு" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது எட்டாம் தேதி என்ன நடந்தது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து டைரியை எடுத்தேன்.

ஜூலை 22, மாலை

ஜூன் 8 பக்கத்தைப் படித்தேன்.

ஜூலை 23, வியாழன்

மறுபடி படித்தேன். என் கையெழுத்துதான்.

"இருதயராஜ் இன்று லீவு."

காலையில் பேச்சியம்மாளுக்குப் போன் செய்து, தப்பாகச் சொல்லிவிட்டேன், அது நான்தான் என்றேன். "சரிம்மா, மாத்திக்கிறேன்" என்றாள். அந்த மாத்திக்கிறேன் என்ற சொல்லைக் கேட்டதும்தான் உரைத்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் போலீஸ் அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கும். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளை உள்ள வீடு.

ஜூன் 30 பக்கத்தையும் படித்தேன். போனில் ஒரு வார்த்தை கேட்போமா என்று சொன்னவரும் அவர்தான். நான் அதை எழுதி வைத்துவிட்டு அப்படியே மறந்திருக்கிறேன். என்ன பிறவி நான்?

ஜூலை 24, வெள்ளி

அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்த ஸ்கூட்டர் நின்றது. அவர் மனைவி ஃபிலோமினா கதவைத் திறந்தாள். முன்பெல்லாம் "வாங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுப்பாள். இன்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"ஸ்கூட்டர் நான் ரெண்டு வருசமா கட்டுன சீட்டுப் பணம்க்கா. சீட்டு நோட்டு வேணும்னா காட்டுறேன்" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

இருதயராஜ் வந்தார். வைரம் ஆப்செட்டில் சேர்ந்துவிட்டாராம், சம்பளம் கம்மிதானாம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு எழுத்து, கண்ணாடி, இரண்டு முறை பாஸ்வேர்டு போட்டது, சொல்லாமல் மறைத்தது. தப்பு முழுக்க என்னுடையது, மன்னிச்சிருங்க என்றேன். இந்தச் சொல்லை நான் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா என்று தெரியவில்லை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட சொன்னது சரிக்கா. அன்னைக்குப் பதினோரு பேரு நின்னாங்க."

அவ்வளவுதான் சொன்னார். படியிறங்கும்போது, "ஜிஎஸ்டி பாஸ்வேர்டு பீரோல ரெண்டாவது தட்டு, நீல நோட்டு, கடைசிப் பக்கம்" என்றார்.

ஜூலை 29, புதன்

மெயில் பாஸ்வேர்டு மாற்றியாயிற்று. மகன் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த பழைய பாஸ்வேர்டு இனி இல்லை. யார் உள்ளே நுழைந்தாலும் என் போனுக்கு எண் வரும்படி செய்தாயிற்று. வாடிக்கையாளர், கடைக்காரர் அத்தனை பேருக்கும் தெரிவித்தேன். எண்பத்திரண்டு பேருக்குப் போன் செய்தேன். எங்கள் மெயிலில் ஒருத்தன் இருந்தான், எங்கள் கணக்கு மாறவில்லை, மாறாது என்று எண்பத்திரண்டு முறை சொன்னேன். முதல் பத்து முறை அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு தொண்டைதான் வலித்தது.

ஜூன் 31 பக்கத்தில் திங்கட்கிழமைக்கு வேண்டியதை எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் 3, திங்கள், ஆடிப் பதினெட்டு

ஆல்பம் பூசையில் வைத்தாயிற்று. மயில் மயிலாகவே இருக்கிறது. ஏஜெண்டுகள் ஒன்பது பேர் வந்தார்கள். வழக்கமாக முதல் ஆல்பத்தை இருதயராஜ்தான் விரிப்பார். யார் விரிப்பது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சூடம் காட்டி முடித்ததும் ஏஜெண்டுகள் இருக்கும்போதே டைரியை எடுத்தேன். பைண்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஜூன் 8 பக்கத்தை முதலிலிருந்து படித்தேன், என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வர வேண்டும் என்ற வரியையும் விடவில்லை. அங்கே யாரோ சிரித்துவிட்டார்கள், சிரிக்கட்டும். பிறகு ஜூன் 30. அதற்குப் பிறகு இல்லாத நாளின் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்.

"இருதயராஜ் ஒரு பைசா எடுக்கவில்லை. ஒரு தகவல் சொல்லவில்லை. திருடனுக்குச் சாவி கொடுத்தது நான். போன் செய்யலாம் என்று சொன்னவரை வாயை அடைத்ததும் நான். போன வருடம் டைரியில் ஜூன் 31 அச்சானதும் என் தப்புதான், அதையும் அவர்தான் சுமந்தார். உங்கள் பதினோரு பேர் முன்னால் நான் அவரைத் திருடன் என்றேன். அதே பதினோரு பேர் முன்னால் சொல்கிறேன், அவர் யோக்கியர்."

கட்டிங் மெஷின் அன்னக்கொடி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்குத் தெரியும் முதலாளியம்மா. உங்களுக்குத்தான் தெரியல" என்றாள்.

முதல் ஆல்பத்தை யாரையும் விரிக்க விடவில்லை. கட்டியபடியே பீரோவில் வைத்திருக்கிறேன். ஏஜெண்டுகளுக்கு இரண்டாவதைக் காட்டினேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

காலை பதினொரு மணிக்கு போன். பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா, இருதயராஜ் பேசுறேன். வைரம் ஆப்செட்ல இருந்து."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"போன மாசம் எங்க காலண்டருக்கு மேல மாட்டுற தகரப் பட்டைய உங்க பிரஸ்ல அடிச்சீங்கள்ல. அந்தக் கூலிய புது அக்கவுண்ட்ல போடச் சொல்லி உங்க பேர்ல மெயில் வந்துருக்கு. அவசரம்னு போட்டுருக்கு. நீங்க போன்ல சொன்னத மறந்துட்டு இங்க முதலாளி போட்டுருங்கன்னுட்டாரு. செத்த பொறுங்க, அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுறேன்னேன்."

"நான் அனுப்பல, இருதயராஜ்."

"தெரியும்க்கா. இருந்தாலும் கேக்கணும்ல."

என்னை இனி எதற்கும் நம்பாமல் இருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. திருட்டுப் பெயர் சுமந்து போனவர். என் பெயரில் ஒரு தப்பு வந்து நிற்கும்போது முதலில் என்னிடம்தான் கேட்கிறார்.

"முத ஆல்பத்த இன்னும் பிரிக்கல" என்றேன்.

"அன்னக்கொடி சொன்னுச்சு. பாப்போம்க்கா" என்றார். வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் பேசினோம் என்று திரையில் காட்டியது. நாற்பத்தொன்பது வினாடி.